இறங்கிய பிறகு

பஸ் ஏற்றிவிட வருகிறவர்கள், பஸ் கிளம்பியதும் கையசைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அக்கா அப்படித் திரும்புகிறவர் இல்லை. நான் அவருடைய அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள் மாலை, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்கூடவே நடந்து வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டு, கீழே இறங்கி ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டு கேட்டார்.

"எங்க எறங்குவே?"

"பஸ் ஸ்டாண்டுலதாங்க்கா."

"எறங்குன பொறவு?"

"நடந்து போயிருவேன். பக்கம்தான்."

"அந்தத் தெருவுல லைட்டு எரியுதா?"

அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. சேர்ந்துவிட்டாயா என்று கேட்டார். சேர்ந்துவிட்டேன் என்றேன். "வாசல்லயா, வீட்டுக்குள்ளயா?" என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற மகள் இருந்தாள். பெங்களூரில் போக்குவரத்துத் திட்டங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு, மாமியாருக்கு உடம்பு சரியில்லாததால் ஊருக்கு வந்தவள் நான். எத்தனையோ ராத்திரி தனியாக ஆட்டோ பிடித்து வீடு போயிருக்கிறேன். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர், என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி விசாரிக்கிறாரே என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே, "அக்கறையாத்தான கேக்காவ" என்றார்.

அது எனக்காக மட்டும் எடுத்துக்கொண்ட அக்கறை இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. எல்லாரிடமும் அப்படித்தான் இருந்தார். கூரியரில் ஒரு காகிதம் அனுப்பினால், போய்ச் சேர்ந்தது என்று குறுஞ்செய்தி வந்தாலும் அவருக்குப் போதாது. யார் வாங்கினார்கள், அவர் உரியவர் மேஜையில் வைத்தாரா என்று போன் போட்டு விசாரிப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் மண்டபத்துக்குப் பக்கத்தில் பஸ் நிற்குமா, நின்றால் ரோட்டைக் கடக்க இடம் உண்டா என்று பத்திரிகை கொண்டுவந்தவரிடமே கேட்பார். கேட்கப்பட்டவர் முழிப்பார். பெரும்பாலும் யாரும் அதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஊரில் இதற்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். அவருடைய புருஷனை ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனதாகவும், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய், சரியான கட்டிடம் தெரியாமல் சுற்றியதில் உயிர் போய்விட்டதாகவும், அதிலிருந்து அவர் இப்படி ஆகிவிட்டார் என்றும் டீக்கடையில் ஒருவர் என்னிடம் உருகிச் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். சில வாரம் அக்காவிடம் கொஞ்சம் மெதுவாகவே பேசினேன். ஒருநாள் அலுவலகத்துக்கு ஒருவர் டிபன் கேரியரோடு வந்து நின்று, "மோர் மறந்துட்டா, குடுத்துருங்க" என்றார். அவர்தான் அக்காவின் புருஷன், சங்கரன்கோவிலில் பாங்கில் வேலை பார்க்கிறவர். நல்ல திடகாத்திரமான மனிதர். ஊர்க்கதையை நான் சொன்னதும் அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"பாவம், அந்த மனுசனைக் கொன்னே போட்டுட்டாங்களா? நான் ரெண்டாம் கிளாஸ்லயே இப்படித்தான்டி. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை வேனுலருந்து எறக்கிவிட்டா, ஒவ்வொண்ணும் கிளாசுக்குள்ள போகுதான்னு நின்னு பாப்பேன். எனக்குத்தான் முட்டி போட வைப்பாவ, லேட்டுன்னு."

இதுதான் அவர். குள்ளமான உருவம். பருத்திச் சேலை. சேலைக்குக் கீழே, மைதானத்தில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. விமானப் போக்குவரத்துத் துறையில் டெல்லியில் வெகுநாள் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டு வந்து, நூல் கமிஷன் கடை ஒன்றின் மாடியில் இந்தச் சின்ன அலுவலகத்தை வைத்திருந்தார். வானத்தில் ஓடுகிற டாக்சிக்குத் திட்டம் போடும் அலுவலகம் ராஜபாளையத்தில் இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஊர்க்காரர்களும் நம்பவில்லை. அவரை 'பறக்குற டாக்சிக்காரம்மா' என்பார்கள். கடைக்காரர் மாடியைக் காட்டி, "மேல போங்க, மேலதான் எல்லாம்" என்று கேலி பேசுவார்.

வேலை இதுதான். மதுரை நகரத்துக்குள் மின்சாரத்தில் ஓடும் சிறிய பறக்கும் டாக்சிகளைக் கொண்டுவர ஒரு கம்பெனி திட்டம் போட்டது. பாட்டரியில் ஓடுவது. ஓடுபாதை வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே நேராக எழும்பும், அப்படியே இறங்கும். நாலு பேர் உட்காரலாம். விமான நிலையம், மாட்டுத்தாவணி, பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற பகுதி என்று நகரத்துக்குள் சில இறங்குதளங்கள். அங்கிருந்து தெற்கே நீளும் ஒரு கிளைப் பாதையில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். அந்தத் தெற்குக் கிளைக்குத் திட்டம் போட்டுத் தருவது எங்கள் பொறுப்பு. எந்த இடத்தில் தளம், எந்த வழியாகப் பாதை, பாட்டரிக்கு எங்கே மின்சாரம் ஏற்றுவது, ஆடிக் காற்றில் எந்தெந்த நேரம் பறக்கக் கூடாது, எல்லாம் பார்க்க வேண்டும்.

நான் பழகிய முறைப்படி முதலில் இரண்டு ஊருக்கும் நடுவே கோட்டைப் போட்டேன். அக்கா வந்து பார்த்தார். கோட்டை அவர் பார்க்கவே இல்லை. கோடு முடிகிற புள்ளியில் விரலை வைத்தார்.

"இதுல ஒரு பொம்பளை எறங்குதா. கையில பை, இடுப்புல பிள்ளை. எறங்குன பொறவு?"

"அது பஸ்காரங்க பாத்துக்கணும்க்கா. நம்ம வேலை இதுவரைக்கும்தான்."

"இதுவரைக்கும்னு யாரு சொன்னா?"

அவ்வளவுதான். அந்தப் படத்தை எத்தனை தடவை மாற்றிப் போட்டேன் என்று கணக்கே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதிகளுக்கு அருகே ஒரு தளம் என்று முதலில் குறித்தோம். தேர் சமயத்தில் கூட்டம் நெருக்கும், இறங்குகிறவர் அரை நாள் அங்கேயே நிற்க வேண்டியதுதான் என்று அக்கா அதை எடுத்துவிட்டார். கோயில் கோபுரத்துப் பக்கமே பாதை போகாதபடி தள்ளி வளைத்தார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மதுரை ரோட்டுக்கு நடந்து வந்துவிடக்கூடிய ஓர் இடத்தை முடிவு செய்தார்.

கம்பெனியிலிருந்து ஒருவர் அவ்வப்போது வருவார். கோயமுத்தூர்க்காரர், கெட்டிக்காரர், எதையும் சீக்கிரம் முடிக்க நினைப்பவர். அவருக்குச் செண்பகத்தோப்பில் ஒரு தளம் வேண்டும் என்று ஆசை. மலையடிவாரம், காடு, ஓடை. மதுரைக்கு வருகிற பணக்காரர்களைக் காலையில் கொண்டுவந்து இறக்கி, சாயங்காலம் கூட்டிப் போகலாம் என்றார். அக்கா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டி யாரும் நினைத்தபடி போக முடியாது. கம்பெனிக்காரர் நாலாபக்கமும் பார்த்தார். மேலே மரத்தில் பெரிய சாம்பல் அணில் ஒன்று கிளை தாவிப் போனது.

"எறங்குன பொறவு எங்க போவாங்க சார்?" என்றார் அக்கா.

"சும்மா சுத்திப் பாப்பாங்க மேடம்."

"காட்டுக்குள்ள சும்மா சுத்திப் பாக்குறதுக்கு வழி கெடையாது. வழி இருந்தாலும் நான் போடமாட்டேன்."

கம்பெனிக்காரர் வருத்தத்தோடு திரும்பிப் போனார். எனக்கும் அன்று அக்காமேல் வருத்தம்தான். மறுநாள் அலுவலகத்தில் கேட்டேவிட்டேன். "அக்கா, அது மேல ஏறுறதையே இன்னும் நம்ம ஊர்ல ஒருத்தரும் பாக்கல. நீங்க எறங்குறதைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. இப்படியே போனா கம்பெனிக்காரன் நம்மள விட்டுட்டு வேற ஆளைப் பாத்துக்கிருவான்."

"ஏறுறதுக்கு அவன் ஆயிரம் பேரு வச்சிருக்கான். எறங்குறதுக்கு நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம்" என்றார். சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

ராஜபாளையத்தில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஊரில் ஆட்டோக்காரர்களிடம் முதலில் பேச வேண்டும் என்று அக்கா பழைய பஸ் ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் கருப்பசாமி. நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், எப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். அக்கா விவரம் எல்லாம் சொல்லி முடித்ததும் சொன்னார்.

"ஷேர் ஆட்டோ வந்தப்பவும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்கம்மா. பாதிப் பேரு தொழிலை விட்டுட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான். இப்ப வானத்துல வேற விடுதீக. நாங்க கீழ என்னத்த ஓட்ட?"

"வானத்துல வந்து எறங்குற ஆளு வீட்டுக்கு நடந்தா போவாரு?"

"வசதியான ஆளு. காரு வந்து நிக்கும்."

அக்கா வரிசையாக நின்ற ஆட்டோக்களைப் பார்த்தார். பிறகு, "நீங்க சொல்லுறது சரிதான். வசதியானவங்க மட்டும் வந்து எறங்குற எடமா இருந்தா உங்களுக்கு வேலை இல்ல. அப்படி இல்லாத எடமாப் பாக்கணும்" என்றார். கருப்பசாமி நம்பவில்லை. ஆனால் போகும்போது, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

இடம் என்று வந்தபோது, ஊரில் ஒரு மில் முதலாளி தன்னுடைய பஞ்சு குடோன் மொட்டைமாடியை வாடகை இல்லாமல் தருவதாகச் சொன்னார். பரந்த, பலமான காங்கிரீட் தளம். மின்சாரமும் மில்லிலிருந்தே இழுத்துக்கொள்ளலாம். கம்பெனிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியும் நல்ல மனதோடுதான் கொடுத்தார். ஊருக்குப் பெயர் வரட்டும் என்று நினைத்தவர். அக்கா மாடிக்குப் போய்ப் பார்த்தார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மில், இந்தப் பக்கம் ஊரும் அரசு ஆஸ்பத்திரியும்.

அக்கா வேறு இடம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், ரோடு போடுகிறவர்கள் தார் டிரம்மும் ஓட்டை ரோலரும் போட்டு வைத்திருந்த அரசாங்க இடம். கருவேலம் முளைத்துக் கிடந்தது. கம்பெனிக்காரர் மூக்கைப் பிடிக்காத குறைதான்.

"மேடம், தார் டிரம் பக்கத்துல இறங்குறதுக்கு யாரு டிக்கெட் எடுப்பாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எடுப்பாங்க. இங்கருந்து மதுரைக்கு அனுப்புறாங்கல்ல நோயாளிய, அவங்க எடுப்பாங்க. அரசாங்கம் எடுத்துக் கொடுக்கும்."

"எழுதிக் காட்டினா ஆகாது. எது சுலபம்னு நீங்களே செஞ்சு காட்டுங்க."

அவர் எரிச்சலில் சொன்ன வார்த்தை. அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். டாக்சி இல்லாமலே ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தார். இரண்டு இடத்திலும் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுவது. டாக்சி அங்கே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வது. அதிலிருந்து ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நோயாளி யார் என்றால், அவர்தான்.

தூக்குவதற்கு ஆள் வேண்டும். கருப்பசாமியிடமே போய்க் கேட்டார். "இது வேலைக்கு ஆகாதுன்னு நீங்க சொன்னீங்கள்ல. வந்து பாத்துட்டுச் சொல்லுங்க." கருப்பசாமி தன் ஸ்டாண்டிலிருந்து இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்று காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. முதலில் மில். மொட்டைமாடியில் வட்டத்துக்கு நடுவில் ஸ்ட்ரெச்சரில் அக்கா படுத்தார். முகத்துக்கு மேல் நான் குடை பிடித்தேன். மில் தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். முதலாளியும் வந்திருந்தார். தன் மேனேஜரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இரும்புப் படியில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அது சரிந்தது. அக்கா இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நோயாளிக்குக் கை வராதுன்னு வச்சுக்கோங்க, எனக்குப் பட்டை கட்டுங்க" என்றார். கட்டினோம். கீழே வந்து ஒரு வேனில் ஏற்றி, ரயில்வே கேட்டுக்குப் போனால், கேட் போட்டிருந்தது. வண்டிக்குள் புழுக்கம். கருப்பசாமி தன் துண்டால் அக்காவுக்கு விசிறினார். ரயில் வருகிற வழியாய் இல்லை. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா செய்யுது உடம்புக்கு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லங்க, சும்மாதான் படுத்திருக்கேன்" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்துவிட்டோம்.

ஒருவழியாக ரயில் போய், கேட் திறந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். முதலாளிக்கு முகம் கொஞ்சம் வாடினாலும், "கேட்டை நான் நெனச்சுப் பாக்கலைம்மா" என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்து அக்காவுடைய இடம். தார் டிரம்களுக்கு நடுவே வட்டம். அங்கிருந்து ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சுவர் கண்ணெதிரே தெரிந்தது. சுவரில் ஓர் இரும்புக் கதவு. அதன் வழியாக நுழைந்தால் அவசரப் பிரிவு. கருப்பசாமியும் மற்றவர்களும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. பூட்டு துருப்பிடித்துக் கல்லாகிப் போயிருந்தது. உள்ளே ஆள் விட்டு விசாரித்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கதவு இருப்பதே சிலருக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்ட்ரெச்சரைச் சுமந்துகொண்டு கருவேலங்காட்டைச் சுற்றி, சந்து வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து, கூட்டத்துக்குள் புகுந்து முன்வாசலுக்குப் போனோம். தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியது. மில்லிலிருந்து வந்ததைவிட இதுதான் அதிக நேரம் பிடித்தது.

கம்பெனிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை மாசமாக எல்லாரையும் கேள்வி கேட்டவர், தன் இடத்தில், ஊர் பார்க்க, இப்படி மாட்டிக்கொண்டாரே என்று.

அக்கா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சொன்னார். "நல்லதாப் போச்சு. இன்னைக்கே தெரிஞ்சு போச்சு. எனக்குப் பதிலா நெசமான நோயாளி இருந்திருந்தா?" பிறகு எழுந்து உட்கார்ந்து, "அந்தக் கதவைத் தெறக்கச் சொல்லணும்" என்றார்.

கதவைத் திறப்பது அவ்வளவு லேசாக இல்லை. ஆஸ்பத்திரி மேலதிகாரி நல்லவர். ஆனால் மூடியதற்குக் காரணம் இருந்தது. மாடு நுழைகிறது, குடிகாரர்கள் வந்து படுத்துக்கொள்கிறார்கள், பின்பக்கம் நடமாட்டம் இல்லாததால் ராத்திரி வேலைக்கு வரும் நர்சுகள் பயப்படுகிறார்கள் என்றார். காவலுக்கு ஆள் போட வழியில்லை. அக்கா போனார், வந்தார், மறுபடியும் போனார். எந்த அலுவலகத்திலும் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

கடைசியில் வழி சொன்னவர் கருப்பசாமி. "எங்க ஸ்டாண்டுல பாதி வண்டிய அங்க கொண்டுபோய் நிறுத்துதோம்மா. ராத்திரியும் பகலும் ரெண்டு வண்டியாவது நிக்கும். ஆளு இருந்தா மாடும் வராது, குடிகாரனும் வரமாட்டான். எங்களுக்கும் ஆஸ்பத்திரி சவாரி கெடைக்கும்."

"டாக்சி வருதோ வரலியோ?" என்று அக்கா கேட்டார்.

"அது வந்தா வரட்டும். எங்களுக்கு இப்பவே வேணும்."

அந்த வார்த்தை அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது. மேலதிகாரிக்கும் பிடித்தது. பூட்டை அறுத்து எடுத்தார்கள். மில் முதலாளி விளக்குக்கம்பம் ஒன்று நட்டுக்கொடுத்தார். தார் டிரம்களை ஒரு ஓரமாக ஒதுக்கினார்கள். நாங்கள் அந்த இடத்தையே தளமாகக் குறித்து, ஆட்டோக்கள் வெளியே இல்லாமல் தளத்துக்கு உள்ளேயே வந்து நிற்கும்படி படம் போட்டு, திட்டத்தை அனுப்பிவைத்தோம்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. திட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் முதலில் மதுரை நகரத்துக்குள் மட்டும்தான். தெற்குக் கிளை பின்னால் பார்த்துக்கொள்ளப்படும். எப்போது என்று இல்லை. நான் அன்று மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கடைக்காரர் கீழே யாரிடமோ, "மேல ஒண்ணும் இல்லையாம்" என்று சொன்னது காதில் விழுந்தது. அக்கா கடிதத்தை இரண்டாவது முறை படித்துவிட்டு, "மதுரைக்குள்ள எறங்குற எடத்துக்கு யாரு படம் போடுதாங்கன்னு கேளுடி. நம்ம கேப்போம்" என்றார். அவர் கேட்டார். அந்த வேலைதான் இன்று நான் மதுரையில் பார்க்கும் வேலை. அவர் இப்போது கவுகாத்தியில் இருக்கிறார். அங்கே மலை ஊர்களுக்கு இதே மாதிரித் திட்டம். போனில் பேசினால் பாதி நேரம் எங்கள் ஊர் செய்தி, பாதி நேரம் அங்கே மழையில் எங்கே இறங்குவது என்பது. நேரில் பார்த்துச் சில வருஷம் ஆகிவிட்டது.

அவர் ராஜபாளையத்தை விட்டுப் போகுமுன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சேத்தூருக்குப் பக்கம் தேவதானத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். வயலில் களை எடுக்கும்போது பாம்பு கடித்துவிட்டது. அந்தச் சமயம் கருப்பசாமி அந்த ஊரில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவையும் புருஷனையும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் வந்தார். ஆஸ்பத்திரிக்கு முன்னால் ரோட்டில் முளைப்பாரி ஊர்வலம், மேளம், கூட்டம். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சந்துக்குள் திருப்பி, பின்பக்கக் கதவு வழியாக அவசரப் பிரிவு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மருந்து ஏற்றினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பாதித்திருந்ததால் மதுரைக்கு அனுப்பினார்கள். அந்தப் பயணம் ஆம்புலன்ஸில், ரோட்டில்தான். ரொம்ப நேரம் எடுத்தது. நல்லவேளையாகத் தாங்கிக்கொண்டார்.

கருப்பசாமி எங்கள் மாடிக்கு ஓடிவந்து சொன்னபோது, அக்கா சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. "மதுரையில எந்த வார்டு? கூட யாரு இருக்கா? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுதாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தார். பல நாள் கழித்து அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும், "மதுரையிலருந்து பஸ்ஸுல வருவாவ. இங்கருந்து ஊருக்கு எப்படிப் போவாவ?" என்றார். நானும் அவரும் கருப்பசாமியும் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து அழைத்துக்கொண்டோம்.

பேச்சியம்மாள் மெலிந்து, ஆட்டோவில் அக்காமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் கருப்பசாமியோடு இடித்துக்கொண்டு அவர் புருஷன். வெளியே இரண்டு பக்கமும் வயல். கொஞ்ச தூரம் போனதும் பேச்சியம்மாள் கேட்டார்.

"நீங்கதான அந்தப் பறக்குற வண்டி அம்மா? அதுல போயிருந்தா மதுரைக்கு எம்புட்டு நேரம் ஆயிருக்கும்?"

"நீங்க போனதுல பாதிகூட ஆயிருக்காதும்மா."

"எப்ப வரும்?"

"தெரியலம்மா. மொதல்ல மதுரைக்குள்ள. பொறவு இங்க. நான் நாள் சொன்னா அது பொய்."

"வந்தா ராஜபாளையத்துலதான நிக்கும். எங்க ஊருக்கு வராதாக்கும்."

எங்கள் படத்தில் தேவதானம் என்று ஒரு புள்ளி இல்லவே இல்லை. படம் போட்டவள் நான். ஊர் தெரியும், பெயர் தெரியும், ஆனால் அங்கே யாரும் இறங்குவார்கள் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை.

"எங்க எறக்கலாம் உங்க ஊர்ல?" என்று அக்கா கேட்டார்.

"ஏன், களம் இருக்குல்ல" என்றார் அந்தப் புருஷன், திரும்பாமலே. ஏதோ ரொம்ப நாளாகத் தீர்மானித்து வைத்திருந்தவர் மாதிரி.

வீட்டுக்குப் போகாமல் ஆட்டோ நேராகக் களத்துக்குப் போனது. அறுப்பு முடிந்த சமயம். சிமெண்டுக் களம் முழுக்க நெல் காயப்போட்டிருந்தது. சில பெண்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாளைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவர் கன்னத்தைத் தடவினாள். இன்னொருத்தி வேப்பமர நிழலில் சாக்கை விரித்து உட்காரவைத்தாள்.

அக்கா களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். "அறுப்பு நேரத்துல நெல்லு கெடக்குமே?"

"வருதுன்னு ஒரு போனு போடுங்க. அள்ளிருவோம்" என்றார் பேச்சியம்மாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"எம்புட்டு எடம் வேணும்?" என்று கேட்டாள், கையில் நெல்லுத் துழாவும் பலகை வைத்திருந்த ஒரு பெண்.

அக்கா மேலே பார்த்தார். களத்தைத் தாண்டி மின்கம்பி ஒன்று போனது. "இந்த வயரு எதுக்குப் போவுது?" பம்புசெட்டுக்கு என்றார் புருஷன். மாற்றி அந்தப் பக்கமாகப் போடலாம், எழுதிக் கொடுத்தால் செய்வார்கள் என்றார். "வேப்ப மரம்?" அது இருக்கட்டும், அது தள்ளித்தானே நிற்கிறது என்றார். அக்கா நடந்து போய் மரத்துக்கும் களத்துக்கும் இடையில் நின்று கையை விரித்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று தலையை ஆட்டினார். என்னைப் பார்த்து, "ஏட்டி, இந்த எடத்தைப் போன்ல குறிச்சுக்கோ" என்றார்.

அதற்குள் அந்தப் பெண் பலகையால் நெல்லைத் தள்ளத் தொடங்கியிருந்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நெல் விலகி விலகி, நடுவில் வெறும் சிமெண்டுத் தரை வட்டமாகத் தெரிந்தது. கருப்பசாமி ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து ஒரு பக்கம் காலால் ஒதுக்கினார். பேச்சியம்மாள் நிழலிலிருந்து, "அந்த மூலையிலயும் தள்ளுங்கட்டி" என்றார்.

"போதுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அக்கா வட்டத்தின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகவே ஓரடி, இன்னும் ஓரடி என்று எடுத்து வைத்தார். நெல்லும் அவருக்குப் பின்னால் விலகிக்கொண்டே போனது.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.